மாப்பிள்ளைக் கடிகாரம்

அந்தத் தண்ணீர்த்தொட்டிக் கம்பெனியில் அவருடைய பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். கேட் திறப்பவர் முதல் மாடியில் கணக்கு எழுதுகிறவர் வரை மற்ற எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை சார். முதலாளியின் தங்கையைக் கட்டியவர். கல்யாணம் முடிந்த கையோடு கம்பெனிக்குள் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அந்த நாற்காலிக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மச்சான் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குவதற்கு ஒரு வேலை வேண்டுமே என்று அவரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

வேலை இதுதான். கம்பெனி வெளிநாட்டில் கிளை போட நினைத்தால், முதலில் மாப்பிள்ளை போய் அந்த நாடு தொழிலுக்கு லாயக்கா என்று பார்த்துவிட்டு வருவார். மற்ற கம்பெனிகள் இதற்குத் தலையணை கனத்துக்கு அறிக்கை வாங்குவார்கள். மாப்பிள்ளைக்கு அறிக்கை என்றாலே இளக்காரம்.

“அதை எழுதுறவன் அந்த ஊர்த் தண்ணியைக்கூடக் குடிச்சிருக்க மாட்டான் மச்சான். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நான் போய் ஒரு சோறு நசுக்கிப் பார்த்துட்டு வந்துடுறேன்.”

நசுக்கிப் பார்க்க அவருக்கென்று சில வழிகள் இருந்தன. போன ஊரில் தபாலாபீசுக்குப் போய்த் தனக்கே ஒரு பார்சல் அனுப்புவார். எப்போது வருகிறது, எந்த நிலையில் வருகிறது என்று பார்ப்பார். துறைமுக வாசலில் டீக்கடையில் உட்கார்ந்து லாரி டிரைவர்களின் முகத்தைப் பார்ப்பார். சலூனுக்குப் போய்த் தலையைக் கொடுப்பார். ஊரில் யார் கடை ஓடுகிறது, யார் கடை படுத்துவிட்டது என்பது முடிவெட்டுகிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கடைசியாகப் போலீஸ் ஸ்டேஷன். கைக்கடிகாரம் தொலைந்துவிட்டது என்று ஒரு புகார். கடிகாரம் பத்திரமாக ஓட்டல் அறையில், பெட்டிக்குள், ஒரு காலுறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யிலும் அவருக்கு ஒரு நியாயம் உண்டு. யாரையும் கைகாட்ட மாட்டார். கூட்டத்தில் தொலைந்தது, எங்கே விழுந்ததோ என்பார். ஒரு நாட்டில் பேனாவைத் திறப்பதற்கே காசு கேட்டார்கள். இன்னொரு நாட்டில், போனது போகட்டும், விதி என்று நினைத்துக்கொள் என்று ஆறுதல் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாட்டுக்கும் சிவப்பு மை, வேண்டாம் என்று. நம் பொருள் காணாமல் போனால் தேடித் தராத ஊரில் தொழிற்சாலை எதற்கு?

அந்தக் கடிகாரத்துக்கும் ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு மச்சான் போட்டது. பின்பக்கம் எழுத்துப் பொறித்துத் தரச் சொல்லியிருக்கிறார். என்ன எழுத்து என்று கடைக்காரர் கேட்டபோது மாப்பிள்ளையின் பெயர் மச்சானுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. “மாப்பிள்ளைக்குன்னு போடுப்பா” என்றிருக்கிறார். ‘மாப்பிள்ளைக்கு’ என்றே பொறித்துக் கொடுத்தார்கள். உலகத்தில் எந்த வீட்டு மாப்பிள்ளையும் அதைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று மனைவியே கேலி செய்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வலிக்கும்.

இந்த முறை கிளம்பும்போது அவருக்குப் பயம் இருந்தது. காரணம், போன முறை அவர் பச்சை மை போட்ட நாட்டில் கம்பெனியின் தொட்டி வார்க்கும் இயந்திரம் துறைமுகத்திலேயே கிடந்து துருப்பிடித்துப் போனது. அன்றிலிருந்து மச்சான் விருந்தாளிகள் முன்னால் ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறார். “எங்க மாப்ளே சோத்தைப் பதம் பார்த்தாரு. பானை ஓட்டைங்கிறதைப் பார்க்கல.” விருந்தாளிகள் சிரிப்பார்கள். மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

விமான நிலையத்தில் மச்சான் தோளில் கைபோட்டுச் சொன்னார். “இந்தத் தடவை சரியாப் பார்த்துட்டு வாங்க மாப்ளே. ரோடு, கரண்ட் எல்லாம் காசு கொடுத்தா வந்துடும். போலீஸ் எப்படின்னு பாருங்க. திருட்டுப்பய ஒருத்தன் உள்ள வந்தா போதும், தொழில் அம்போ.”

திருட்டு என்றால் மச்சானுக்கு ஆகாது. ஆரம்ப காலத்தில் கிடங்கில் ஒருவன் கைவைத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. ஆள் எடுக்கும்போது அவருக்கு ஒரே சட்டம். படிப்பு இல்லாவிட்டாலும் சரி, பல் இல்லாவிட்டாலும் சரி, போலீஸில் கேஸ் இருக்கக் கூடாது. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவும் நற்சான்றிதழ் கொண்டுவந்தால்தான் துடைப்பத்தைத் தொட முடியும்.

போன நாடு நன்றாகத்தான் இருந்தது. மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். மாப்பிள்ளையின் நாட்டில் கல்லூரி படித்தவள். நம் பேச்சை நம்மைவிட வேகமாகப் பேசினாள். தொழிற்பேட்டை சுத்தமாக இருந்தது. கரண்ட் போகவில்லை. பார்சல் கசங்காமல் வந்தது. லாரி டிரைவர்கள் எரிச்சல் இல்லாமல் தூங்கினார்கள். மாப்பிள்ளைக்கு மனசுக்குள் பச்சை மை ஊறத் தொடங்கியது.

சலூன், கடைத்தெருவின் முனையில் ஒற்றை அறை. ஒரே ஒரு நாற்காலி. ஆனால் அது சாதாரண நாற்காலி இல்லை. இரும்புக் காலை நான்கு போல்ட் போட்டுத் தரையில் இறுக்கி, சிவப்பு ரெக்சின் தைத்து, மிதித்தால் ஏறவும் இறங்கவும் செய்கிற நாற்காலி. முடிவெட்டுகிறவர் நடுவயதுக்காரர், ஒல்லி. வாடிக்கையாளரை உட்காரவைத்து, தேவையே இல்லாமல் ஒருமுறை மேலே ஏற்றி ஒருமுறை கீழே இறக்கினார்.

“இந்த வட்டாரத்துலேயே இவர்கிட்ட மட்டும்தான் இந்த மாதிரி நாற்காலி இருக்காம். மாமனார் வீட்டுல கொடுத்ததாம்” என்றாள் அந்தப் பெண்.

“அப்படின்னா நம்ம ஜாதி. நானும் மச்சான் போட்ட நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்னு சொல்லும்மா” என்றார் மாப்பிள்ளை.

அவள் சொன்னாள். முடிவெட்டுகிறவர் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தலை கழுவும்போது, நனைந்துவிடும் என்று மாப்பிள்ளையின் கையிலிருந்து கடிகாரத்தை அவரே கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துவட்டி, எண்ணெய் வைத்து, நெற்றிப் பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திவிட்டதில் மாப்பிள்ளைக்குக் கண் செருகியது. அப்படி ஒரு விரல். கிளம்பி வாசலைத் தாண்டும்போதுதான் இரண்டு பேருக்கும் கடிகாரம் நினைவுக்கு வந்தது. முடிவெட்டுகிறவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து, சட்டை நுனியில் துடைத்து, அவரே கையில் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை கடிகாரத்தைக் காலுறைக்குள் வைத்துவிட்டு, மாப்பிள்ளை அந்தப் பெண்ணிடம் கடைத்தெருவில் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அவளிடமும் பொய்தான். உண்மையைச் சொன்னால் மொழிபெயர்க்கும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் அனுபவம்.

அவள் தயங்கினாள். “போனா போகட்டும் சார். ஸ்டேஷனுக்கெல்லாம் எதுக்கு?”

“மச்சான் போட்டதும்மா. வீட்டுக்குப் போனா பதில் சொல்லணும்.”

ஸ்டேஷனைப் பார்த்ததும் மாப்பிள்ளை அசந்துபோனார். வெளிநாட்டுத் தொழில்துறையினருக்கென்று தனி அறை. மேசைக்குக் கண்ணாடி. எழுந்து நின்று கைகொடுக்கிற இளம் இன்ஸ்பெக்டர். தண்ணீர் வந்தது. காசு கேட்கவில்லை. பேனா தானாகத் திறந்தது. அடையாளம் கேட்டார், ‘மாப்பிள்ளைக்கு’ என்பதை மாப்பிள்ளை புகாரில் பெரிதாக எழுதிக் காட்டினார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அங்கேதான் சறுக்கியது. வழக்கமாக, தெரியவில்லை என்பார். அன்று அந்த மரியாதையில் மனசு குளிர்ந்து, கேட்டவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய் நீண்டது. “சலூன்ல இருந்துச்சுங்க. அங்க போகல, நிச்சயமா. அவர் சட்டைப் பையில வெச்சிருந்துட்டு, மறக்காம திருப்பிக் கொடுத்துட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன். அதுக்கப்புறம் கூட்டத்துலதான் எங்கேயோ...”

ஒரு மனிதனுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். அந்தப் பெண் மொழிபெயர்க்கும்போது பாதியில் நிறுத்தி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டவும் மீதியைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். சாட்சியாக அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை மச்சானுக்குப் போன் செய்தார். “முதல் தரம் மச்சான். இப்படி ஒரு ஸ்டேஷனை நான் எங்கேயும் பார்த்ததில்லை.”

“இந்தத் தடவை பானை ஓட்டை இல்லையே?” என்றார் மச்சான். சிரிப்பில் பழைய விஷம் இல்லை. மாப்பிள்ளை அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலையில் ஓட்டலுக்கு ஆள் வந்தது. கடிகாரம் கிடைத்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளவும்.

மாப்பிள்ளை அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து காலுறையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே கடிகாரம் இருந்தது. காதில் வைத்தால் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாருடையதோ கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சில் அந்த முடிவெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். துண்டு சலூன் துண்டுதான். வெள்ளையாக இருந்தது இப்போது வெள்ளையாக இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்பது போலத்தான் நின்றார்.

அறைக்குள் கண்ணாடி மேசைமேல் ஒரு கடிகாரம். புதுசு. அதே கம்பெனி, கிட்டத்தட்ட அதே முகம். இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ‘மாப்பிள்ளைக்கு’ என்று கீறியிருந்தது. ஏதோ கூர்மையான முனையால், மொழி தெரியாத யாரோ, புகாரின் நகலை எதிரில் வைத்துக்கொண்டு, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல ஒவ்வொரு வளைவாகக் கீறியிருக்கிறார்கள். ஒரு எழுத்தில்கூடப் பிழை இல்லை. அவ்வளவு பயந்து கீறியிருக்கிறார்கள்.

“ராத்திரியே ஒத்துக்கிட்டானாம்” என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் உயிரே இல்லை. “வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்ததை, காலையில சம்சாரத்தோட அண்ணன் கொண்டுவந்து கொடுத்தானாம். உங்களுதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்றார்.”

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் வெளியே பேச வேண்டும் என்று கேட்டு, அவளை ஜன்னலோரம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். சோறு, பதம், காலுறை, எல்லாம். அவள் முகம் வெளுத்தது.

“அடப்பாவி” என்றாள். அப்புறம் தன்னைச் சுதாரித்துக்கொண்டு, “நேத்தே சொல்லியிருந்தா உங்களை இந்த வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன் சார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க புகாரை மறுநாளுக்குள்ள முடிக்கணும்னு இவங்களுக்கு மேலேர்ந்து உத்தரவு. தொழிலுக்கு நல்ல நாடுன்னு எங்களுக்கு மார்க் போடுறாங்கல்ல, அதுக்கு.”

“அந்த மார்க் போடுறவன்தானே நான்” என்றார் மாப்பிள்ளை. “சரி, இது என்னுது இல்லைன்னு சொல்லிடு.”

“அப்ப உங்களோடது எங்கேன்னு திரும்ப அவரைக் கேப்பாங்க. இன்னொரு கை இருக்கே.”

“என்னுதுன்னு சொன்னா?”

“திருட்டு உறுதி. ஆனா பொருள் கிடைச்சு நீங்களும் கையெழுத்துப் போட்டா சில மாசத்துல விட்டுருவாங்க. கிடைக்கலைன்னா வருஷக்கணக்கு.”

“உண்மையைச் சொன்னா?”

அவள் அவரை நேராகப் பார்த்தாள். “பொய்ப் புகாருக்கு இங்க ஜெயில் சார். நீங்க எப்படியாவது தூதரகத்தைப் பிடிச்சு ஃப்ளைட் ஏறிடுவீங்க. கீழ சாட்சிக் கையெழுத்து என்னுது.”

மாப்பிள்ளை மச்சானைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் கடிகாரச் சோதனையைப் பற்றி மச்சானிடம் விவரமாகச் சொன்னதில்லை. இப்போது சொன்னார்.

“உங்களை யாரு மாப்ளே இந்தக் கூத்தெல்லாம் பண்ணச் சொன்னது?” என்றார் மச்சான். “சரி விடுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கிட்டு, கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பி வாங்க. நாளைக்கு நாம தொழில் பண்ணப்போற ஊரு. இன்னைக்கே போலீசைப் பொய்யனாக்கணுமா?”

“அவர் கையை உடைச்சிருக்காங்க மச்சான்.”

“தெரியாதவன் கைக்கு நாம என்ன பண்ண முடியும்? ஒண்ணு மட்டும் பாருங்க. ஒரு கடிகாரத்துக்கே இந்த ஓட்டம் ஓடுறாங்களே! நம்ம கிடங்குல ஏதாவது போனா?” மச்சானின் குரலில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. மாப்பிள்ளை போனை வைத்தார்.

யாருடைய தலை, யாருடைய தலைப்பாகை என்று கேட்டுக்கொண்டே அவர் ஓட்டலுக்கு ஓடினார். நாற்காலியை ஓசியில் வாங்கிய மனிதர்தான், ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. காலுறையோடு திரும்பி வந்தார். வரும்போதே அந்தப் பெண்ணிடம், “நீ ஒண்ணும் தெரியாதவ. நான்தான் உன்கிட்டயும் பொய் சொன்னேன். அதையும் சேர்த்துச் சொல்லிடு” என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை காலுறையை உதறி, உண்மையான கடிகாரத்தை எடுத்து, கண்ணாடி மேசையில் புதுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “கடிகாரம் தொலையவே இல்லை. தப்பு என்னுது. அவரை விட்டுடுங்க.”

இன்ஸ்பெக்டர் இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் ‘மாப்பிள்ளைக்கு’. பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஏதோ சொன்னார்.

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். “ஒரு கடிகாரம் எடுத்ததா அவன் ஒத்துக்கிட்டான். அது எழுதியாச்சு. இப்ப ரெண்டாவதா ஒண்ணு வந்திருக்கு. இதை எப்ப எடுத்தான், யாரை வெச்சு உங்க அறைக்குள்ள திரும்பக் கொண்டுவந்து போட்டான்னு அவனைத்தான் கேக்கணும். உங்ககூட வந்த இந்தப் பொண்ணையும் கேக்கணும். உள்ள கூப்பிடட்டுமான்னு கேக்கிறார்.”

கடைசி வரிக்கு முந்தின வரியை அவள் தன்னைப் பற்றியே மொழிபெயர்த்தாள். இன்ஸ்பெக்டரின் விரல் மேசை மணிமேல் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். மாப்பிள்ளை சொன்னது நிஜம் என்பது அவருக்குத் துளி சந்தேகமில்லாமல் தெரியும் என்பது அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது. வராந்தாவில் யாரோ இருமினார்கள்.

மாப்பிள்ளை தன் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இது... வேற கடிகாரம்னு சொல்லும்மா. வீட்டுல ரெண்டு இருந்துச்சு. நான் குழம்பிட்டேன்.”

“அப்ப அது உங்களுதா?”

“என்னுதுதான்.”

கையெழுத்துப் போட்டு, புதுக் கடிகாரத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மறுபடி எழுந்து கைகொடுத்தார். உங்கள் கம்பெனி வரப்போவதாகக் கேள்விப்பட்டேன், பயமில்லாமல் வாருங்கள் என்றார். வெளியே வரும்போது வராந்தா பெஞ்ச் காலியாக இருந்தது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மாப்பிள்ளை நேராக ஓட்டலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெண் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கடைத்தெரு முனைக்கு நடந்தார். சலூன் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடி இருந்தது, சீப்பு இருந்தது, எண்ணெய்ப் புட்டி இருந்தது. நாற்காலி இல்லை. அது நின்ற இடத்தில் சிமென்ட் தரையில் நான்கு ஓட்டைகள். போல்ட்டை அவசரமாகப் பிடுங்கியதில் ஓரமெல்லாம் பெயர்ந்திருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து அந்தச் சிமென்ட் தூளைக் கையாலேயே கூட்டிக்கொண்டிருந்தாள். முடிவெட்டுகிறவரின் மனைவி.

போலீஸ் புகாரின் நகலைக் கொடுத்துக் கேட்டதும், நாற்காலியை விற்றுத்தான் கடிகாரம் வாங்கினார்கள் என்று அவள் சொன்னாள். எழுத்தைக் கீறியது அவள் அண்ணன். சவரக்கத்தியின் முனையால், விடிய விடிய உட்கார்ந்து. அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் அடுத்ததாக ஒன்று கேட்டாள். கேட்கும்போது உதடு கோணியது.

“முதல்ல எடுக்கலைன்னு சத்தியம் பண்ணாராம். அப்புறம் எடுத்தேன்னுட்டாராம்” என்றாள் மொழிபெயர்ப்புப் பெண். “எது நிஜம்னு தெரியாமலே நாற்காலியை வித்துட்டேன், நீங்களாவது சொல்லுங்கங்கிறாங்க.”

“எடுக்கலைன்னு சொல்லு” என்றார் மாப்பிள்ளை. “யாருமே எடுக்கல. கடிகாரம் என் பெட்டியிலயே இருந்துச்சு. இதோ பாருங்க.” பையிலிருந்து இரண்டையும் எடுத்து நீட்டினார். “பாவி நான்தான்மா. உங்க ஊர் போலீஸ் எப்படின்னு பார்க்கச் சும்மா ஒரு புகார் கொடுத்தேன்.”

முடிவெட்டுகிறவரின் மனைவி இரண்டு கடிகாரங்களையும் பார்த்தாள். திட்டுவாள், காறித் துப்புவாள், அடிப்பாள் என்று மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“போலீஸ் எப்படி இருந்தா உங்களுக்கு என்னன்னு கேக்கிறாங்க.”

“இங்க கம்பெனி போடலாமான்னு பார்க்க வந்தேன். போட வேண்டாம்னு சொல்லிடுவேன். இந்த ஊருக்கே வர வேண்டாம்னு எழுதிடுவேன். அதையாவது செய்வேன்னு சொல்லு.”

மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள். முடிவெட்டுகிறவரின் மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள்.

“கம்பெனியை வரச் சொல்லுங்கங்கிறாங்க.” அந்தப் பெண்ணுக்கே வார்த்தை தடுமாறியது. “அவர் வெளிய வந்தா இனிமே கத்தரி பிடிக்க முடியாதாம். நாற்காலியும் இல்ல. உங்க கம்பெனி வந்தா ஏதாவது ஒரு வேலை... பெருசா ஒண்ணும் வேண்டாமாம். கேட்டைத் திறந்து மூட இடது கை போதும்தானேன்னு கேக்கிறாங்க.”

சரியாக அந்த நேரத்தில் பையில் போன் அடித்தது. மச்சான். மாப்பிள்ளை எடுத்தார். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

“என்ன மாப்ளே, முடிஞ்சுதா? பார்ட்னர் லைன்ல இருக்காரு. ஒரே வார்த்தை. போகலாமா, வேண்டாமா?”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொழி தெரியாவிட்டாலும், தன் விஷயம்தான் அந்தப் போனில் இருக்கிறது என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தரையில் அந்த நான்கு ஓட்டைகள் தெரிந்தன.

“போகலாம் மச்சான்.”

“அப்படிப் போடுங்க!” மச்சான் பக்கத்தில் யாருக்கோ ஏதோ சொல்லிச் சிரித்தார். “இதுதான் மாப்ளே வேலை. வாங்க, வந்ததும் ஒரு விருந்து வைப்போம்.”

“ஒரு விஷயம் மச்சான். கேட்டுக்கு ஒரு ஆள் நான் சொல்றவரைத்தான் போடணும்.”

“அட, கேட்டுக்குத்தானே? யாரை வேணா போடுங்க. எந்த ஆளு?”

“அந்த சலூன்காரர்.”

போனில் சிரிப்பு நின்றது. மச்சான் பேசியபோது குரல் கனிவாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

“மாப்ளே, கேஸ் உள்ள ஆளை எப்படிப் போடுறது?”

“அது பொய்க் கேஸ்னு உங்களுக்கே தெரியும் மச்சான்.”

“எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாதே. சான்றிதழ் இல்லாம நானே உள்ள விட்டா, நாளைக்கு மத்தவனை எப்படிக் கேப்பேன்? நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேற ஆள் பார்த்துக்கலாம், வாங்க.”

லைன் போய்விட்டது. மாப்பிள்ளை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கடிகாரங்களும் ஒரே கையில் இருந்தன, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவெட்டுகிறவரின் மனைவி, மொழிபெயர்ப்புப் பெண்ணின் கையைத் தொட்டு மெதுவாக ஏதோ கேட்டாள். அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

“போன்ல அவங்க என்ன சொன்னாங்கன்னு கேக்கிறாங்க சார்” என்றாள்.